ஆசிய பிஎல் தொடர்களைப் பார்ப்பவர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள், ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன். தாய்லாந்து, ஜப்பான், சீனா முதலிய நாடுகளிலிருந்து வரும் ஆண்–ஆண் காதல் தொடர்களை ('பாய்ஸ் லவ்', சுருக்கமாக பிஎல்) பார்ப்பவர்கள் ஒரு முத்தக் காட்சிக்குக்கூட ஏன் இவ்வளவு ஆர்ப்பரிக்கிறார்கள்? பார்ப்பவர்களில் பெண்கள்தான் அதிகம் என்கிறார்களே, அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு இதனால் நல்லதா, கெடுதலா? கடைசியாக, எதிலிருந்து தொடங்கலாம்?

நான் இதற்குள் வந்தது 2020 ஊரடங்கில். சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு யூடியூப் இணைப்பை அனுப்பி, "அக்கா, இதைப் பாரு. பார்த்து முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் கேக்காதே" என்றாள். 'டுகெதர்' என்ற தாய்லாந்துத் தொடர். டைன் என்ற கல்லூரிப் பையனை இன்னொருவன் விடாமல் துரத்துகிறான். அவனிடமிருந்து தப்பிக்க, கல்லூரியே கொண்டாடும் கிதார்க்காரன் சராவத்திடம் போய் "கொஞ்ச நாளைக்கு என் காதலனாக நடி" என்று கேட்கிறான் டைன். நடிப்பு நிஜமாகிறது. கதை அவ்வளவுதான். வாரம் ஒரு அத்தியாயம், வெள்ளிக்கிழமை வரும். தயாரித்த ஜிஎம்எம்டிவி நிறுவனமே ஒவ்வொரு அத்தியாயத்தையும் நான்கு துண்டுகளாக்கி, ஆங்கில சப்டைட்டிலோடு யூடியூபில் இலவசமாகப் போட்டுவிடும். நானும் அவளும் அலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நொடியில் பிளே பொத்தானை அழுத்துவோம். முதல் துண்டு முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசுவோம். அப்புறம் இரண்டாவது துண்டு.

ஆர்ப்பாட்டம் ஏன் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. சந்தா இல்லை, நாட்டுத் தடை இல்லை, மொழித் தடையும் ஓரளவுக்கு இல்லை. மணிலாவில் இருப்பவளும் சாவோ பாவ்லோவில் இருப்பவளும் மதுரையில் இருப்பவளும் ஒரே இரவில் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள். தெரு முழுக்க ஒரே தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்த்தவர்களுக்கு இந்தக் கூட்டு மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்று சொல்லாமலே புரியும். தெரு மட்டும்தான் பெரிதாகிவிட்டது.

மீதிப் பாதி விடைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தக் கதை வகை பிறந்தது ஜப்பானில், 1970களில். பெண்களுக்கான மாங்கா சித்திரக்கதைகளை வரைந்த இளம் பெண் ஓவியர்கள் சிலர் ஆண்களுக்கு இடையிலான காதலை வரையத் தொடங்கினார்கள். பிறகு ரசிகைகளே சொந்தமாக வரைந்து அச்சடித்து விற்றார்கள். அதற்கு 'யாவோய்' என்று ஒரு பெயர் வந்தது. 'உச்சம் இல்லை, முடிவு இல்லை, அர்த்தம் இல்லை' என்று பொருள்படும் மூன்று ஜப்பானியச் சொற்றொடர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. பின்னாளில் ரசிகைகள் தங்களை 'ஃபுஜோஷி', அதாவது கெட்டுப்போன பெண்கள், என்றும் அழைத்துக்கொண்டார்கள். வசவையே தாங்கள் எடுத்துச் சூடிக்கொண்டார்கள். யாவோயின் முதல் ஆங்கில எழுத்தை வைத்துத்தான் தாய்லாந்தில் இந்தத் தொடர்களை இன்றும் 'வாய்' என்கிறார்கள். ரசிகைகள் 'ஸாவ் வாய்'.

சரி, பெண்களுக்கு இதில் என்ன? என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வழக்கமான காதல் கதையில் ஒரு பெண் இருப்பாள். அவளைப் பார்க்கும்போதே என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிடும். அவள் ஏன் இவ்வளவு பொறுத்துப்போகிறாள், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடுவாளா, அவன் தெருவில் பின்தொடர்ந்து வருவதை ஏன் காதல் என்று எடுத்துக்கொள்கிறாள் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அவளோடு என்னை ஒப்பிடாமல் இருக்கவே முடியாது. இரண்டு ஆண்கள் காதலிக்கும்போது அந்த அளவுகோல் கையை விட்டு நழுவிவிடுகிறது. ஓர் ஆண் தயங்குகிறான், வெட்கப்படுகிறான், அழுகிறான், இன்னொருவனுக்குச் சாப்பாடு எடுத்துவைக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது. ஆண்கள் இப்படி மென்மையாக இருப்பதைத் திரையில் வேறு எங்கே காட்டுகிறார்கள்?

இப்படிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 1992இல் ஜப்பானில் ஸாத்தோ மஸாகி என்ற தன்பால் ஈர்ப்பாளர், பெண்ணியவாதிகளின் சிற்றிதழ் ஒன்றில் யாவோயைக் கடுமையாகச் சாடி எழுதினார். எங்கள் வாழ்க்கையைப் பற்றி எதுவும் தெரியாமல் எங்களை வேடிக்கைப் பொருளாக்குகிறீர்கள் என்பதுதான் அவர் கோபத்தின் சாரம். அதற்குப் பெண்கள் பதில் எழுத, பதிலுக்குப் பதில் வர, 'யாவோய் விவாதம்' ஆண்டுக்கணக்கில் நீண்டது. நீங்கள் இன்று கேட்கும் மூன்றாவது கேள்விக்கு முப்பது வயதுக்கு மேலாகிறது.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். பார்ப்பவர்களின் எதிர்வினை என்றால் கைதட்டலும் கண்ணீரும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பார்ப்பவர்கள் சண்டை போட்டார்கள். இந்தத் தொடர்கள் பத்தாண்டுகளில் இவ்வளவு மாறியதற்கு அந்தச் சண்டையும் ஒரு பெரிய காரணம்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2016இல் வந்த 'சோட்டஸ்'. பொறியியல் கல்லூரி, மூத்த மாணவர்கள் புதியவர்களை வரிசையில் நிற்கவைத்து அதட்டுகிறார்கள். புதியவர்களின் கனவு, துறையின் அடையாளமான பல்சக்கரச் சின்னம். அதைத் தர முடியாது என்கிறான் ஆர்த்தித் என்ற சீனியர். புதியவன் கோங்பாப் எல்லோர் முன்னாலும் அமைதியாகச் சொல்கிறான்: உங்களை என் மனைவியாக்கிக்கொள்கிறேன், மனைவியின் பொருள் கணவனுக்கும் சொந்தம்தானே, அப்போது அந்தச் சின்னம் எனக்கு வந்துவிடும். கூட்டம் ஓவென்று கத்துகிறது. பார்த்த லட்சக்கணக்கானவர்களும் கத்தினார்கள். ஆர்த்தித் விரும்பிக் குடிக்கும் இளஞ்சிவப்புப் பால்கூட ரசிகர்களுக்கு ஒரு சின்னமாகிவிட்டது.

அந்தக் காட்சியை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். கீழே வரும் கருத்துகளில் பாதி வேறு மாதிரி இருக்கும். ஆணை அவமானப்படுத்த "மனைவி" என்ற சொல் ஏன் தேவைப்படுகிறது? அப்படியென்றால் மனைவியாக இருப்பது கீழான விஷயமா? இரண்டு ஆண்கள் காதலித்தால் அதில் ஒருவன் பெண்ணாகியே தீர வேண்டுமா? நான் முதல் முறை பார்த்தபோது சிரித்தேன். இரண்டாம் முறை சிரிக்க முடியவில்லை.

2019இல் வந்த 'தார்ன்டைப்'பில் ஒருவன் சம்மதமில்லாமல் இன்னொருவனைத் தொடும் காட்சிகள் வந்தன. தொடர் பெரிய வெற்றி. கூடவே, இது காதலா வன்முறையா என்ற வாக்குவாதம் ரசிகர்களுக்குள்ளேயே வெடித்தது. கதாநாயகனைப் பாதுகாத்துப் பேசியவர்கள் ஒருபக்கம். சிறுவயதில் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி, இப்படிக் காட்டாதீர்கள் என்று எழுதியவர்கள் மறுபக்கம். 'டுகெதர்' மீதும் விமர்சனம் வந்தது. டைனைத் துரத்தும் கிரீன் என்ற நளினமான பையனைப் பாருங்கள் என்றார்கள். தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்பவன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் தொடர் கோமாளியாக்குகிறது. "எனக்கு ஆண்களைப் பிடிக்காது, உன்னை மட்டும்தான் பிடிக்கும்" என்று வசனம் பேசும் கட்டுமஸ்தான ஜோடிக்குக் கைதட்டல், கிரீனுக்குக் கேலி. நளினமான ஆண் திரைக்கு வந்தாலே சிரிக்க வேண்டும் என்று பழக்கிய நம் தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த விமர்சனம் சுருக்கென்று தைத்தது. நானும் கிரீனைப் பார்த்துச் சிரித்திருந்தேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு காட்சி. 2020 கடைசியில் ஜப்பானின் டிவி டோக்கியோவில் வந்த 'செர்ரி மேஜிக்'. அடாச்சி என்ற கூச்சசுபாவக்காரனுக்கு முப்பதாவது பிறந்தநாளில் ஒரு சக்தி வந்துவிடுகிறது: யாரைத் தொட்டாலும் அவர்கள் மனதில் ஓடுவது கேட்கும். அலுவலகத்திலேயே அழகனான குரோசாவா தன்னைக் காதலிப்பது இப்படித்தான் அவனுக்குத் தெரியவருகிறது. மூன்றாவது அத்தியாயத்தில் அலுவலகத்தார் கூடிக் குடிக்கும் இடத்தில் ஒரு விளையாட்டு. நீங்கள் இருவரும் முத்தமிட வேண்டும் என்று கட்டளை வருகிறது. சுற்றிலும் உற்சாகக் கூச்சல். ஆசைப்பட்டது தானாகவே கைக்கு வந்து நிற்கிறது குரோசாவாவுக்கு. ஆனால் அடாச்சி நடுங்குவதைப் பார்த்துவிடுகிறான். நெற்றியில் ஒன்று கொடுத்து விளையாட்டை முடித்துவிடுகிறான். வாயில் கொடுக்கவில்லை, ஏனென்றால் அடாச்சி விரும்பவில்லை. அந்தக் காட்சிக்கு வந்த உருக்கம், எத்தனையோ தொடர்களின் படுக்கையறைக் காட்சிகளுக்குக்கூட வந்ததில்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்களே அப்போதுதான் தெரிந்துகொண்டோம் என்று நினைக்கிறேன்.

2021 அக்டோபரில் தொடங்கிய 'பேட் படி'யைப் பார்க்கும்போது, இயக்குநர் நோப்பர்னாச் இந்தச் சண்டைகளையெல்லாம் உட்கார்ந்து படித்திருப்பாரோ என்று தோன்றும். பாட், பிரான் இருவரும் பக்கத்து வீட்டுப் பையன்கள். குடும்பங்களுக்குள் ஜென்மப் பகை. யார் கணவன், யார் மனைவி என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காமல் இரண்டு பேரையும் சரிசமமாகவே நடத்திச் செல்கிறது கதை. ஐந்தாவது அத்தியாயத்தின் மொட்டைமாடி முத்தம் வந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சித்தி மகள் பேசவே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதே தொடரில் ஓரமாக வந்த இரண்டு பெண்களின் காதல் ரசிகர்களைப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு நடிகைகளையே முதன்மை ஜோடியாக்கி 2024இல் ஜிஎம்எம்டிவி தனித்தொடரே எடுத்தது.

சீனக் கதை முற்றிலும் வேறு. 2016 பிப்ரவரியில் 'அடிக்டட்' என்ற இணையத் தொடர் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருக்கும்போதே, இன்னும் மூன்று அத்தியாயங்கள் மிச்சமிருக்க, சீனத் தளங்களிலிருந்து அகற்றப்பட்டது. அதன்பிறகு காதலை நேராகச் சொல்ல வழியில்லை. ஆண்–ஆண் காதல் நாவல்களைத் தொடராக்கினார்கள். காதலை மட்டும் 'உற்ற நட்பு' ஆக்கினார்கள். 2019இல் வந்த 50 அத்தியாய 'தி அன்டேம்ட்' அப்படி வந்ததுதான். ஒரு முத்தம் இல்லை, ஒரு "காதலிக்கிறேன்" இல்லை. இறந்துபோனவனுக்காக ஒருவன் பதினாறு ஆண்டுகள் யாழ் போன்ற ஒரு கருவியை மீட்டிக்கொண்டே காத்திருக்கிறான், அவ்வளவுதான். சீன ரசிகர்கள் இதை 'சோஷலிச சகோதரத்துவம்' என்று பெயர் வைத்து அழைத்தார்கள்; அந்தப் பெயரைச் சொன்னாலே என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

2021இல் 'வேர்ட் ஆஃப் ஹானர்' வந்தபோது நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த எதிர்வினை. சீனத் தொடர்களில் குரலைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்ப்பார்கள். சில இடங்களில் நடிகரின் உதடு ஒன்று சொல்கிறது, குரல் வேறொன்று சொல்கிறது. ரசிகர்கள் அந்த இடங்களை நிறுத்தி, மெதுவாக ஓட்டி, உதட்டசைவைப் படித்து, தணிக்கைக்கு முன்னால் இருந்த வசனத்தைக் கண்டுபிடித்துப் பகிர்ந்துகொண்டார்கள். குறிஞ்சிப் பாட்டில் யானையும் தினையும் வந்தால் அங்கே பேசப்படுவது யானையும் தினையும் மட்டும் இல்லை என்று பள்ளியில் உள்ளுறை உவமம் படித்தோமே, அந்தப் படிப்பை இருபத்தோராம் நூற்றாண்டில் நடைமுறையில் செய்துகாட்டியவர்கள் இவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சீன ஒளிபரப்புத் துறை 'பெண்மை கலந்த' ஆண்களைத் திரையில் காட்டக் கூடாது என்றது. இந்த நாவல்களைப் படமாக்கும் போக்கும் கண்டிக்கப்பட்டது. எடுத்து முடித்த தொடர்கள் சில பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன.

எதிர்வினை திரையைத் தாண்டி அரசியலுக்குள் போனதும் உண்டு. 2020 ஏப்ரலில் 'டுகெதர்' நாயகன் பிரைட், ஹாங்காங்கை ஒரு நாடு என்று குறிப்பிட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்கு விருப்பம் தெரிவித்துவிட்டார். சீன இணையவாசிகள் கொதித்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. தாய்லாந்து அரசாங்கத்தைத் திட்டினால் அந்நாட்டு ரசிகர்களுக்கு வலிக்கும் என்று நினைத்துத் திட்டினார்கள். அவர்களோ "இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்" என்றார்கள். ஹாங்காங், தைவான் இளைஞர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். மூன்று இடத்திலும் தேநீரில் பால் சேர்ப்பதால் 'பால் தேநீர்க் கூட்டணி' என்று பெயர் வந்தது. பிறகு தாய்லாந்து, மியான்மர் போராட்டங்களிலும் அந்தப் பெயர் எழுந்தது.

இனி என் மனதை உறுத்தும் விஷயம். தாய்லாந்தில் 'கூ ஜின்' என்று ஒரு சொல் உண்டு. 'ஜின்' என்பது கற்பனை செய் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் வால். கற்பனை ஜோடி. தொடரில் காதலர்களாக நடித்த இருவரையே விளம்பரங்களில், ரசிகர் சந்திப்புகளில், நேரலைகளில் ஜோடியாகவே நிறுத்துவார்கள். மேடையில் ஒருவர் மற்றவருக்கு ஊட்டிவிடுவார், அரங்கம் அலறும். இது வியாபாரம், இரண்டு தரப்புக்கும் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நடிகர்களில் ஒருவருக்கு உண்மையில் ஒரு காதலி இருப்பது தெரியவந்தால், அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் எழுதப்படும் சொற்களை நான் படித்திருக்கிறேன். இருபது வயதுப் பெண்ணை இன்னொரு இருபது வயதுப் பெண் அப்படித் திட்ட முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. காதலுக்குப் பாலினம் கிடையாது என்று முகப்பில் எழுதிவைத்திருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நடிகரைப் பொறுத்தவரை இன்னும் கொடுமை: அவர் தன்பால் ஈர்ப்பாளரா இல்லையா என்று தினமும் லட்சம் பேர் துப்பறிகிறார்கள். அது அவர் சொன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நானும் ஒரு காலத்தில் நேரலைக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள்தான். அந்தத் திட்டுகளைப் படித்த நாளோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்: தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு இதனால் நல்லதா, கெடுதலா? தன்பால் ஈர்ப்புள்ள நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். பெரும்பாலான தொடர்களை அவரால் பத்து நிமிடம்கூடப் பார்க்க முடிவதில்லை. "எல்லாப் பையனும் பணக்காரன், எல்லாப் பையனும் சிவப்பு, ஒருத்தனுக்கும் வீட்டுல பொண்ணு பாக்கல. இது எந்த ஊருங்க?" என்றார். ஆனால் 2020இல் வந்த 'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ' அவரை உலுக்கிவிட்டது. ஃபூக்கெட் தீவில் டே, ஓ-ஏவ் என்ற இரண்டு பையன்கள் பல்கலைக்கழக நுழைவுக்காகச் சேர்ந்து சீனமொழி படிக்கிறார்கள். தன் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாமல் டே தன் அண்ணன் முன்னால் உடைந்து அழும் காட்சி வரும். அண்ணன் திட்டவில்லை, அணைத்துக்கொள்கிறான். "எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான்" என்று மட்டும் சொன்னார் நண்பர். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

தாய்லாந்தில் தன்பால் திருமணச் சட்டம் 2024 ஜூனில் செனட்டில் நிறைவேறி, 2025 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல் நாடு. அதை இந்தத் தொடர்களின் கணக்கில் எழுதுவது அநியாயம். பல ஆண்டுகளாகத் தெருவிலும் நாடாளுமன்றத்திலும் போராடியவர்களின் வெற்றி அது. ஆனால் வீட்டுக் கூடத்தில் அந்தப் பேச்சை எடுக்கும் சங்கடத்தைத் தொடர்கள் குறைத்தன என்பதை நான் நம்புகிறேன். ஏனென்றால் என் வீட்டுக் கூடத்திலேயே அது நடந்தது.

'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்று பொருள்படும் பெயரில் 2019இல் ஒரு ஜப்பானியத் தொடர் வந்தது. நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஷிரோ வழக்கறிஞர், கென்ஜி முடிதிருத்துபவர். ஷிரோ கடைக்குக் கடை விலை பார்த்துக் காய்கறி வாங்கி, தினமும் சமைப்பான். அம்மா அந்தச் சமையலுக்காகத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காய் நறுக்கும் விதத்துக்கு மார்க் போட்டாள். ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா என்று கேட்டாள். இல்லை என்றேன், சரி என்று விட்டுவிட்டாள். கடைசி அத்தியாயத்தில் புத்தாண்டுக்கு ஷிரோ கென்ஜியைத் தன் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துப்போகிறான். திரும்பி வரும்போது கென்ஜி சந்தோஷத்தில் அழுகிறான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு 2021இல் அதன் திரைப்படம் வந்தது. அதில் ஷிரோவின் பெற்றோர், அடுத்த புத்தாண்டுக்குக் கென்ஜியைக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிட்டிருப்பது தெரியவரும். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வந்த புள்ளைய வராதேன்னு சொல்லிட்டாளா? அந்தப் புள்ள என்ன செஞ்சது அவளை?" என்றாள். எந்த மேடைப்பேச்சும் எந்தக் கட்டுரையும் என் அம்மாவை அந்த வாக்கியத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்காது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதென்றால் மேலே சொன்ன சமையல் தொடர். வயிற்றைப் பிசையும் கதை தாங்கும் என்றால் 'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ'. 'சோட்டஸ்', 'தார்ன்டைப்' இரண்டையும் முதலில் தொடாதீர்கள். மற்றவற்றைப் பார்த்துவிட்டுப் போனால்தான் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பது பிடிபடும். இதெல்லாம் வேண்டாம், லேசாக ஏதாவது சொல்லுங்கள் என்றால் 'செர்ரி மேஜிக்'. 12 அத்தியாயம், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். கடைசிக் காட்சியில் இருவரும் லிஃப்டுக்குள் முத்தமிடப்போகும் நொடியில் கதவு மூடிவிடும். அதுதான் அழகு என்று சித்தி மகள் சொல்கிறாள். இத்தனை வாரம் காத்திருந்தவர்களுக்கு ஒரு முத்தத்தைக் காட்டியிருக்கலாம், ஆணும் பெண்ணுமாக இருந்திருந்தால் காட்டியிருப்பார்கள் என்று நான் சொல்கிறேன். இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. பார்த்துவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் என்று வந்து சொல்லுங்கள்.